சாமிக்கா, சாப்பிடவா?

கிருஷ்ணகிரியில் தேங்காய் வாங்கப் போனால், கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "சாமிக்காங்கண்ணா, சாப்பிடவா?" சாமிக்கு என்றால் அவர் கை ஒரு குவியலுக்குப் போகும், சாப்பிட என்றால் இன்னொரு குவியலுக்கு. சாமிக் குவியலில் இருப்பவை கைக்கு அடக்கமான சின்னக் காய்கள். குடுமி மட்டும் லட்சணமாக இருக்கும். உடைத்தால் பருப்பு மெல்லிசு, சட்னிக்குக்கூடத் தேறாது. வாழைப்பழத்திலும் இதே கதைதான். வீட்டுக்கு என்றால் நன்றாகப் பழுத்த ஏலக்கி. அர்ச்சனைத் தட்டுக்கு என்றால் காம்பில் பால்கூட நிற்காத இரண்டு காய்கள், பழம் என்ற பெயரில். பாக்கு, சந்தனம், ஊதுபத்தி, நெய் என்று எல்லாவற்றிலும் 'பூஜைக்கு' என்று ஒரு தரம் தனியாக வந்துவிட்டது. அது முதல் தரமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. "சாமிக்குத்தானே, சின்னதா குடுங்க" என்று நாம் சொல்லிச் சொல்லித்தான் அந்தக் குவியல் உண்டானது. இதில் உச்சம் என்று நான் நினைப்பது தீப எண்ணெய் பாக்கெட்டை. முன்பக்கத்தில் லட்சுமி தாமரையில் உட்கார்ந்திருப்பார். ஐந்து எண்ணெய் கலந்தது, ஐஸ்வரியம் பெருகும் என்றெல்லாம் போட்டிருக்கும். பின்பக்கம் திருப்பினால் பொடி எழுத்தில், சமையலுக்கு உகந்ததல்ல.

இதைச் சொன்னால் என் நண்பர் ஒருவர் உடனே மடக்குவார். அந்தக் காலத்தில் மட்டும் சாப்பிடும் எண்ணெயிலா விளக்கு எரித்தார்கள்? கேள்வி நியாயமானதுதான். எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டு ஓரங்களில் கொட்டமுத்துச் செடி, அதாவது ஆமணக்கு, நிற்கும். அதை வறுத்து, இடித்து, காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் மாடத்து விளக்கு எரிந்தது. இலுப்பை எண்ணெயும் கோயில் விளக்குக்குப் போனதுதான். ஆகவே சாப்பிட முடியுமா முடியாதா என்பதல்ல என் மனக்குறை. கொட்டமுத்து நம் காட்டில் விளைந்தது, வீட்டுப் பெண்கள் கண்ணெரியக் காய்ச்சியது. என்ன ஊற்றுகிறோம் என்று தெரிந்து ஊற்றினோம். பாக்கெட்டில் இருப்பது என்னவென்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெடுவதுமில்லை. சாமிக்குத்தானே.

நான் வளர்ந்தது அரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். எங்கள் வீட்டில் நியாயம் தலைகீழாக இருந்தது. நல்லது எதுவோ அது முதலில் சாமிக்கு. பண்டிகைக்குச் சமைக்கும்போது உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அம்மா கொதிக்கிற குழம்பின் ஆவியை லேசாக மோந்துவிட்டு "இன்னும் ஒரு கல்லு" என்பார். மோந்தாலே எச்சில்தான் என்று பாட்டி முணுமுணுப்பார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வடை சுடுகிற நாளில் நாங்கள் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. மாலை வரைக்கும் வெறும் வயிறு, வீடெல்லாம் வாசனை.

செத்துப்போன பெரியவர்களுக்கு நடுவீட்டில் படைக்கும் நாளில் இன்னொரு கொடுமையும் உண்டு. தலைவாழை இலை போட்டு, சோறு, குழம்பு, பொரியல், வடை, பாயசம், தாத்தாவுக்குப் பிடித்த வறுத்த மொச்சை எல்லாம் பரிமாறி, தண்ணீர் சுற்றி, சாம்பிராணி போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். குடும்பம் மொத்தமும் வாசலில் நிற்கும். அவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது; பேசக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா தொண்டையைக் கனைத்துவிட்டுக் கதவைத் திறப்பார். சின்ன வயதில் நான் முதலில் ஓடிப் போய்ப் பார்ப்பது வடையைத்தான். ஒன்றுகூடக் குறைந்திருக்காது. கேட்டால், தாத்தா வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று பதில் வரும். அந்தப் பதிலை நான் நம்பினேனா என்று நினைவில்லை. ஆனால் வடை குறையாததில் எனக்கு ஏக சந்தோஷம் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

படைத்தால் யார் சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வி குழந்தைகள் கேட்பது மட்டுமல்ல. இதே தருமபுரி மண்ணில், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கவிஞர் கேட்டிருக்கிறார். தருமபுரிதான் அன்றைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். பெருஞ்சேரல் இரும்பொறையோடு நடந்த போரில் அவன் இறந்தபிறகு நடுகல் நட்டார்கள், மயிற்பீலி சூட்டினார்கள், சின்னக் கலத்தில் வடிகட்டிய கள்ளை வார்த்தார்கள். அதைப் பார்த்த ஔவையார் புறநானூற்றின் 232-ஆம் பாட்டில் கேட்கிறார்: மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்தில் ஊற்றுவதைக் கொள்வானோ? காலையும் இல்லாமல் போகட்டும், மாலையும் இல்லாமல் போகட்டும், எனக்கு இனி வாழ்நாளே வேண்டாம் என்கிற அழுகைக்கு நடுவே வருகிற கேள்வி இது.

படையலை நக்கல் செய்கிறவர்கள் எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் இந்தக் கேள்வியின் பக்கத்தில்கூட வர முடியாது என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் ஔவையார் வெளியே நின்று கேட்கவில்லை. கொடுக்கிற கூட்டத்துக்குள் நின்றுகொண்டு, ஆளையே இழந்த பிறகு இந்தக் கள் போய்ச் சேருமா என்று கேட்கிறார். அதே அஞ்சிதான், கிடைப்பதற்கு அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல், அதன் மகிமையையும் சொல்லாமல், அவருக்குக் கொடுத்தவன். கொடுத்துப் பழகியவனுக்கு எதைக் கொடுப்பது என்கிற திண்டாட்டமும் அதில் இருக்கிறது.

பதில் என்று அவர் எதையும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பாட்டுத் தள்ளி 235-இல் அதே மனிதனைப் பற்றி ஒன்று சொல்கிறார். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். சோறு கொஞ்சமானாலும் பல கலங்களில் பகிர்வான், நிறைய ஆனாலும் பல கலங்களில் பகிர்வான். 'சிறுசோற்றானும் நனிபல கலத்தன்.' நான் இந்த இரண்டு பாட்டையும் சேர்த்தே படிப்பது. நடுகல் முன்னால் வைத்த கள் அவனுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், வைத்த கூட்டத்துக்குப் போய்ச் சேர்வதுதான் வழி. அவன் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

எங்கள் மாவட்டங்களில் அந்த மாதிரி நடுகற்களுக்கு இன்னும் படையல் நடக்கிறது. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை, அந்தப் பக்கம் செங்கம் வரைக்கும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வேப்ப மரத்தடியிலும் நிற்கிற பல கற்களை ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். மாட்டு மந்தையைக் கவரவும் மீட்கவும் நடந்த சண்டையில் செத்த வீரர்கள். சிலவற்றில் வட்டெழுத்தில் பெயரும் சேதியும் இருக்கும். கையில் வில்லோ வாளோ இருக்கும். காலடியில் சின்னதாக ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலும் கிருஷ்ணகிரியிலும் இப்படி வந்து சேர்ந்த கற்கள் நிற்கின்றன, பெயர்ப் பலகையோடு. மரத்தடியில் நிற்கிறவருக்கோ பொங்கல், சேவல், கிடா, சுருட்டு, ஒரு குவார்ட்டர். கள் போய் டாஸ்மாக் வந்திருக்கிறது. கலம் போய் பிளாஸ்டிக் டம்ளர். முறை மாறவில்லை. சாமிக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

கிடா வெட்டைப் பற்றிப் பேசாமல் எங்கள் ஊர்ப் படையலைப் பற்றிப் பேச முடியாது. 2003-இல் அரசு, 1950-ஆம் வருடத்து உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. அந்த வருடம் கோயில் திடலில் போலீஸ் நின்றது. வேண்டுதல் கிடாக்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டிக் கிடந்தன. பெரியவர்கள் முகம் செத்துப்போயிருந்தது. அடுத்த வருடமே சட்டம் ரத்தானது. எனக்கு அப்போது இதில் பெரிய கருத்து எதுவும் இல்லை, கறி வராதே என்ற கவலைதான். இப்போது யோசித்தால், தடை சொன்னவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால்தான் உத்தரவு. சிலிர்க்கும் வரைக்கும் பூசாரியானாலும் ஊர்க்கவுண்டரானாலும் கத்தியைத் தூக்க மாட்டார்கள். ஈரம் பட்டால் ஆடு சிலிர்க்கத்தான் செய்யும் என்று சிரிக்கலாம். ஆனாலும் கறிக்கடையில் வரிசையில் நிற்கும்போது நாம் யாரும் ஆட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை. அங்கே ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும்.

என் மனைவி இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் வீட்டுக்காரர்கள் ராயக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு, பெருமாள் குடும்பம். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் கூழ்.

ஆடி மாதம் ஊரில் கூழ் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலமே ராகி மாவைக் கரைத்து வைத்துவிடுவார்கள். விடியும்போது அது புளித்து மேலே நுரை கட்டியிருக்கும்; மூடியைத் திறந்தால் மூக்கில் சுள்ளென்று ஏறும். நொய்யை வேகவிட்டு, அது குழைந்து வரும்போது மாவை ஊற்றித் துடுப்பால் கிளற வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. மஞ்சள் பூசிய குடத்தில் ஊற்றி, கழுத்தில் வேப்பிலை கட்டி, தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். பம்பை முன்னால் போகும்.

கோயில் முன்னால் ஆளுயர அண்டா. ஒவ்வொரு வீட்டுக் குடமும் அதில் கவிழும். நொய் அதிகம் போட்ட வீட்டுக் கூழ் வெளுப்பாக விழும், மாவு அதிகமென்றால் கருஞ்சிவப்பாக. ஒரு வீட்டில் உப்பு தூக்கல், இன்னொரு வீட்டில் போடவே மறந்திருப்பார்கள். ஒருவர் மேலே ஏறி நின்று நீளத் துடுப்பால் கலக்கிக்கொண்டே இருப்பார். கலக்கி முடித்தபின் எது எங்கள் வீட்டுக் கூழ் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர்ப் பெரிய வீட்டு அம்மாளும், காலையில் கைமாற்று வாங்கி மாவு அரைத்தவரும் அதே அண்டாவிலிருந்துதான் வாங்கிக் குடிக்க வேண்டும். கற்பூரம் காட்டி, வேப்பிலையால் மூன்று முறை தெளித்து, "ஆத்தா குடிச்சாச்சு" என்று பூசாரி சொன்னதும் சொம்பும் குண்டானும் நீளும். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் கூடவே வரும். கூழுக்குச் சின்ன வெங்காயம் தவிர எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இதில் வீட்டில் எனக்கு ஆதரவு கிடையாது.

ஆத்தா குடித்தது ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஆத்தாவின் பெயரைச் சொல்லாமல் இந்த ஊரில் எல்லா வீட்டுக் கூழையும் ஒரே பாத்திரத்தில் ஊற்ற முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். முடியாது. ஒருவர் வீட்டுத் தண்ணீரை இன்னொருவர் குடிக்காத ஊர்கள் இவை. இன்னும் நேராகச் சொன்னால், எல்லா வீட்டுக் கூழும் என்று நான் எழுதியதே முழு உண்மை இல்லை. எங்கள் பக்கத்தில் சில தெருக்களின் குடம் இந்த அண்டாவுக்கு வந்ததே இல்லை. அவர்கள் அம்மன் வேறு, அண்டா வேறு, நாளும் வேறு. சின்ன வயதில் அது இயல்பாகத் தெரிந்தது. யாரும் விளக்கம் சொன்னதுமில்லை. இப்போது சில ஊர்களில் மாறியிருக்கிறது, சில ஊர்களில் வருடா வருடம் தாசில்தாரை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். படையலின் தாத்பரியம் என்று மேடையில் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மனசு, பாவனை, அர்ப்பணம் என்று எல்லாம் வந்தது. அண்டாவில் யார் குடம் கவிழலாம் என்பது மட்டும் வரவில்லை.

சரி, ராயக்கோட்டைக்கு வருகிறேன். என் மாமனாருக்கு மாந்தோப்பு உண்டு, செந்தூராவும் தோத்தாபுரியும். காசு காசாகக் கணக்குப் பார்க்கிற மனிதர் என்று ஒருமுறை சொன்னதற்கு வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. ஆகவே சிக்கனமானவர் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். புரட்டாசி சனிக்கிழமை அவர் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை. அன்றைக்குக் காலையில் அவர் குளித்து, நாமம் போட்டு, நாமம் தீட்டிய பித்தளைச் சொம்புக்குத் துளசி மாலை சுற்றி, செருப்பில்லாமல் தெருவில் இறங்குவார். பேரப்பிள்ளைகள் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் "கோவிந்தா, கோவிந்தா" என்று குரல் கொடுத்துவிட்டு நிற்பார். அந்த வீட்டுப் பெண் வந்து ஒரு பிடி அரிசி போடுவார். அந்தப் பிச்சை அரிசி கலக்காமல் தளிகைச் சோறு வடிக்கக் கூடாது.

வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும்போது எதற்கு இது என்று கல்யாணமான புதிதில் அத்தையிடம் கேட்டேன். மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். "நம்ம அரிசியை நாமே வைக்கிறதுல என்ன இருக்கு மாப்பிள்ளை? மத்த நாளெல்லாம் அதைத்தான செய்யறோம்" என்றார். மாமனாருக்கு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன ஒரு பங்காளி வீடு அதே தெருவில் இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டிப் போகக் கூடாது என்பதும் முறை. அங்கேயும் நிற்பார், அங்கேயும் ஒரு பிடி விழும். இருவரும் முகம் பார்க்க மாட்டார்கள். அடுத்த புரட்டாசி வரைக்கும் அவ்வளவுதான். வழக்கு இன்னும் நடக்கிறது.

கிடா வெட்டுகிற எங்கள் வீடும், பிச்சை அரிசி கலக்கிற அவர்கள் வீடும் எதிரெதிர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். என் மனைவி இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார். எனக்கு இப்போது இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகப் படுகிறது. இரண்டிலும் தனியாக முடிக்க முடியாது. இரண்டிலும் இலையில் வைத்தது திரும்பி வந்து பல தட்டுகளுக்குப் போக வேண்டும். அப்படித் திரும்பி வந்து இன்னொருவர் வாய்க்குப் போக வேண்டியது என்பதால்தான் நல்லதாக இருக்க வேண்டியிருக்கிறது. சாமிக் குவியல் தேங்காயில் எனக்குள்ள கோபம் இதுதான். அது திரும்பி வரும்போது யாருக்கும் ஆகாது என்று வாங்கும்போதே தெரியும்.

நல்லது என்றவுடன் விலை அதிகமானது என்று எடுத்துக்கொள்கிற ஆட்களும் இருக்கிறார்கள். குங்குமப்பூ, வெள்ளித் தட்டு, காசியிலிருந்து செம்பில் அடைத்து வருகிற கங்கை. அவர்களைத் தீர்த்தமலைக்கு அனுப்ப வேண்டும். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் அந்த மலையில் சிவபூஜை செய்ய உட்கார்ந்தார் என்பது தலபுராணம். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமாகிவிட்டது. பூஜை நேரமோ தப்புகிறது. ராமர் காத்திருக்கவில்லை, பாணம் விட்டார், பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதைக் கொண்டு அபிஷேகத்தை முடித்துவிட்டார். கங்கையோடு வந்து சேர்ந்த அனுமன் கோபத்தில் செம்பைத் தூக்கி எறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில் இன்றைய அனுமன்தீர்த்தம். அருணகிரிநாதர் பாடிய மலை. ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்று மேலே ஏறினால் தண்ணீர்தான், தண்ணீரும் குரங்கும்.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்கு அனுமன் மேல்தான் பரிதாபம். அவ்வளவு தூரம் பறந்து போய்க் கொண்டுவந்தவருக்கு இப்படியா? இப்போதும் கொஞ்சம் பரிதாபம்தான். ஆனால் கதையைக் கட்டிய எங்கள் ஊர் ஆட்களின் சாமர்த்தியம் பிடிபடுகிறது. மானாவாரி பூமியில், ஆழ்குழாயை எத்தனை அடி இறக்கினாலும் புகைதான் வருகிற இடத்தில் வாழ்கிறவர்கள், கடவுளுக்கே உள்ளூர்ப் பாறைத் தண்ணீர் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இலை, பூ, பழம், தண்ணீர் எதுவானாலும் சரி என்று கீதையில் கண்ணன் சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். எறிந்த கங்கையும் வீணாகவில்லை. ஆடிப்பெருக்குக்கு அனுமன்தீர்த்தத்தில் கூட்டத்தைப் பாருங்கள். கிராமத்துச் சாமிகளின் சூலத்தையும் வேலையும் ஆற்றில் கழுவி, மஞ்சள் பூசி எடுத்துப் போவார்கள். ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், இங்கே வருகிறவர்கள் ஒரு பக்கம்.

திரும்பி வராத படையலும் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில் அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயில். அதியமான் கட்டியது என்றுதான் சொல்வார்கள். தேய்பிறை அஷ்டமியன்று போனால் சாலை ஓரமெல்லாம் சாம்பல் பூசணிக்காய். வாங்கியவுடன் கடைக்காரரே இரண்டாகப் பிளந்து, விதையையும் சதையையும் குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொடுத்துவிடுவார். உள்ளே வரிசை வரிசையாக அரைப் பூசணிகள் எரிந்துகொண்டிருக்கும். காயின் சதை சூட்டில் வதங்கி ஒருவித வாசனை வரும், கூட்டு கொதிக்கிற வாசனை. மறுநாள் அந்தப் பக்கம் போனால் கரி படிந்த பூசணிகள் குவியலாகக் கிடக்கும்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்தால் வயிறு பிசையும். ஒரு பூசணி காய்ப்பதற்குக் கொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரியும். அதே சமயம் அங்கே விளக்கேற்றுகிறவர்களின் முகத்தையும் பார்க்கிறேன். கோர்ட்டு கேஸ், கடன், கைவிட்டுப்போன நிலம், குடிக்கிற புருஷன், வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளை. வயிற்றுக்குப் படைக்க வந்தவர்கள் இல்லை இவர்கள். பயத்தைக் கொண்டுவந்து இறக்கிவைக்கிறார்கள். பயத்தைப் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, எரிந்து கரியாக வேண்டியதுதான். என் தங்கை ஒரு கெட்ட காலத்தில் மாதாமாதம் போய் ஏற்றினாள். நான் எதுவும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன்.

இதையெல்லாம் விட, பண்டிகையும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல் நடக்கிற ஒன்றைத்தான் நான் பக்தியான வாழ்க்கை என்பேன். என் பெரியம்மாவுக்கு மந்திரம் எதுவும் தெரியாது. வெள்ளி செவ்வாயில் வாசலில் அரிசி மாவில்தான் கோலம்; கல் மாவு போட்டால் எறும்பு ஏமாந்து போகுமாம். சோறு வடித்ததும் முதல் பிடி காக்கைக்கு. கன்று போட்ட மாட்டின் பாலைக் கொஞ்சம் புற்றில் ஊற்றாமல் வீட்டுக்குள் எடுக்க மாட்டார். ராகி அறுத்தால் முதல் கதிர்க் கட்டு களத்து மேட்டுப் பிள்ளையார் மேல் சாத்திவைக்கப்படும். மரத்தில் முதல் மாங்காயை வியாபாரிக்கு விற்க விடமாட்டார், அவன் என்ன விலை சொன்னாலும். வீட்டில் என்ன வந்தாலும் அது தனக்கு வந்தது என்று அவருக்கு முதலில் தோன்றுவதில்லை, அவ்வளவுதான். அவரிடம் போய் இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று கேட்டால், "அர்த்தம் என்னத்தக் கண்ணு, வெச்சுட்டுச் சாப்பிடு" என்பார்.

நாங்கள் இப்போது ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். போன ஆடியில் இங்கே கூழ் ஊற்றலாமா என்று என் மனைவி, ஆமாம், அந்தப் பெருமாள் வீட்டுப் பெண்தான், வாட்ஸப் குழுவில் கேட்டுவைத்தார். பெரிய விவாதம். பொது இடத்தில் அடுப்பு கூடாது, அவரவர் வீட்டில் காய்ச்சிக் கொண்டுவரலாம் என்றார்கள். வெங்காயம் இருக்கலாம், கருவாடு கூடாது என்றார் சங்கச் செயலாளர். அடுத்த சிக்கல், குடியிருப்பில் மாரியம்மன் இல்லை. கீழ்த்தளத்தில் சின்னப் பிள்ளையார்தான் இருக்கிறார். அம்மனுக்குக் காய்ச்சிய கூழைப் பிள்ளையாருக்கு எப்படி வைப்பது? ஊருக்கு போன் போட்டு அம்மாவைக் கேட்டேன். "ஏன், மகன்கிட்டக் குடுத்தா அம்மாவுக்குப் போகாதா?" என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்டில் குக்கரும் குண்டானும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு வீட்டில் யூடியூப் பார்த்துக் காய்ச்சியதாம், களியாகவே வந்துவிட்டது. மோர் விட்டுச் சரிசெய்தோம். மண்டியா பக்கத்திலிருந்து வந்த குடும்பம், இது எங்கள் அம்பலிதானே என்று உரிமையோடு இரண்டு சொம்பு கொண்டுவந்தது. ஒடிசாவிலிருந்து வந்த காவலாளிகள் முதலில் தள்ளி நின்றார்கள். என் மனைவி போய்க் கையில் டம்ளரைத் திணித்த பிறகு, பச்சை மிளகாய் இருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லோருடையதையும் வாடகைக்கு எடுத்த அண்டாவில் ஊற்றிக் கலக்கியபோது கட்டி தட்டியது, ஆனாலும் யாரும் குறை சொல்லவில்லை. கருவாட்டை நாங்கள் மூன்றாம் மாடியில் எங்கள் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு வறுத்தோம். சாத்தி என்ன பயன்? வாசனை படியிறங்கிப் போய்விட்டது. பிடித்தவர்கள் டம்ளரும் கையுமாக மேலே ஏறி வந்தார்கள், செயலாளர் உட்பட. கூழ் பத்தரை மணிக்குத் தீர்ந்தது. கருவாடு அதற்கு முன்பே.